எம்மெட்டின் முன்பல்

எம்மெட் கிரிக்ஸுக்கு முன்பல் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. பால்டிமோரில் வாசித்துவிட்டு ஹார்லெமுக்குத் திரும்பும் வழியில், ஓடுகிற காரிலேயே ட்ரம்பெட்டை உதட்டில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். கார் பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது. மேல்வரிசை நடுப்பல் பாதியாக முறிந்து மடியில் விழுந்தது.

காரை ஓட்டியவன் க்ளைட். அவர்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். இரண்டு வருடமாக மத்தியான வேளைகளில் அவன் அறையில்தான் இருவரும் உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பிரித்துப் போடுவார்கள். யாரும் எதிர்பாராத சுரங்களை நடுவில் நுழைப்பார்கள். ஆட வந்தவர்கள் திகைத்து நின்றுவிடும் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். பத்திரிகைகள் அதற்கு பீபாப் என்று பெயர் வைத்திருந்தன.

பல் உடைந்ததிலிருந்து க்ளைட் எம்மெட்டின் வீட்டுப் பக்கமே வரவில்லை. வருகிற வியாழக்கிழமை அவர்களுடைய முதல் இசைத்தட்டுப் பதிவு. வேறு ட்ரம்பெட்காரனைப் பார்க்கட்டுமா என்று குழுத் தலைவர் கேட்டதற்கு, எம்மெட் இல்லாவிட்டால் தானும் இல்லை என்று க்ளைட் சொல்லிவிட்டானாம். எம்மெட்டின் மனைவி வில்மாதான் எங்கோ கேட்டுவந்து சொன்னாள்.

பல் டாக்டர் பாஸ்கம் கட்டிய முதல் பல்லில் காற்று ஒழுகியது. இரண்டாவது பல் உதட்டைக் குத்தியது. ட்ரம்பெட்டை விட்டுவிட்டு, முன்பு பார்த்த லிஃப்ட் ஓட்டும் வேலைக்கே திரும்பவேண்டியதுதான் என்று எம்மெட் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தான். திங்கட்கிழமை காலை மூன்றாவது பல்லுக்காக டாக்டரின் படியேறியபோது, காத்திருக்கும் அறையில் க்ளைட் உட்கார்ந்திருந்தான்.

"நீ இன்னிக்கு இங்க வர்றேன்னு வில்மா சொல்லிச்சு," என்றான், தன் தொப்பியைப் பார்த்தபடி.

"பல்லு வலியா உனக்கு?"

"இல்லடா. சும்மா வந்தேன்."

அதற்குள் எம்மெட்டை உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் பாஸ்கம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பல்லைப் பொருத்திக்கொண்டே கேட்டார்: "உங்க பாட்டுக்கு ஒருத்தராலயும் ஆட முடியலையாமே?"

"அது ஆடறதுக்கு இல்ல டாக்டர். கேக்கறதுக்கு."

"கேட்டேனே. அதான் சொல்றேன். வாயைத் திற."

சிறு அரத்தால் ராவினார், எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சிவப்புக் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம் ராவினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஊது," என்றார்.

எம்மெட் கொண்டுவந்திருந்த ட்ரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தான். முதல் மூச்சு வெறும் காற்றாகப் போனது. எம்மெட் கண்ணை மூடி, உதட்டை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தி, மறுபடி ஊதினான்.

சுரம் வந்தது. உருண்டையாக, பிசிறில்லாமல் வந்தது. அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. உதடு வலிக்கவில்லை. தாங்குகிறதா பார்ப்போம் என்று, வியாழக்கிழமை வாசிக்கவேண்டிய பாட்டையே முழு வேகத்தில் எடுத்தான். வளைவுகளில் எங்கும் சறுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலிக் கையில் தாளம் போடத் தொடங்கினார்கள். அது யாரென்று எம்மெட்டுக்குத் தெரியாதா என்ன?

"நான் பல்லு வலியில செத்துக்கிட்டிருக்கேன், இங்க என்ன கல்யாணமா நடக்குது?" என்று வெளியே ஒரு பெண்மணி சத்தம் போட்டாள்.

டாக்டர் கதவைப் பார்த்தார், பிறகு எம்மெட்டைப் பார்த்தார். "பல்லு நல்லா உக்காந்திருக்கு," என்றார். "பாட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

வெளியே வந்தபோது க்ளைட் எழுந்து நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"டேய், அந்தப் பள்ளம் எனக்குத் தெரியலடா. சத்தியமா."

"ஓடுற கார்ல ஊதினது எவன்? நான்தானே?" என்றான் எம்மெட். "இதுக்காடா ஆறு வாரமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருந்த? வா, வீட்டுக்குப் போகலாம். வில்மா காத்துக்கிட்டிருக்கா."

வீட்டில் வில்மா வாயைத் திறக்கச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு பாட்டு ஊதச் சொல்லிக் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் கழித்துத்தான் வந்தாள். அவள் திரும்பி வந்தபோது, ஆறு வாரமாகச் சரியாகத் தூங்காத எம்மெட் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். க்ளைட் எதிரில் உட்கார்ந்து, சத்தம் போடாதே என்று அவளுக்குக் கை காட்டினான்.