சிறப்பு விருந்தினர் கையில் உரிக்காத தேங்காய்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, சத்தியம் செய்த பிறகே சொல்லப்படுகிறது. கையில் கொப்புளம்கூட இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம், இடது கை.

கோலா சிலாங்கூரிலிருந்து ஜெராம் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவே, சுங்கை கெலாடித் தோட்டத்தில் ஒரு ரக்பி மன்றம் உண்டு. தோட்டத்தில் ரக்பி எதற்கு என்று கேட்பவர்கள் குலை வெட்டுகிறவர்களைப் பார்த்ததில்லை. இருபத்தைந்து கிலோ செம்பனைக் குலையை விலாவில் அணைத்துக்கொண்டு சேற்றில் ஓடுகிறவனுக்கு நீளவாட்டமான ஒரு தோல் பந்து பாரமா? பாரமில்லை. ஆனாலும் மன்றம் இருபது ஆண்டுகளில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்காமல் இருந்தது. அன்று இடி விழுந்து ஆட்டம் நின்றுவிட்டது.

தோற்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. மன்றத்தின் மானம் ஆண்டு விருந்தில் இருக்கிறது. நாட்டுக்கு ஆடிய முன்னாள் ரக்பி வீரர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்து பேச வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள் என்பது செயலாளர் முருகையாவுக்குத் தெரியும். கொட்டுகிற மழையில் ஓர் ஆட்டம் நடக்கும். அதில் காறை எலும்பு உடையும். உடைந்த எலும்போடு வெளியேறாமல் ஆடியிருப்பார்கள். நடுவருக்குக் கண் தெரிந்திருக்காது. ஒரு வருடம் வந்தவர் வலது தோளைத் தொட்டுக் காட்டினார், மறு வருடம் வந்தவர் இடது தோளை. மற்றபடி வித்தியாசம் கிடையாது. கூட்டம் கைதட்டும், பிறகு கோழிப் பிரட்டல் வரும்.

முருகையா ஆலையில் குலை லோரிகளை எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே அவரைக் 'கிராணி' என்று கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. பதினெட்டு வருடச் செயலாளர் பதவி மட்டும்தான் மிச்சம். மன்ற அலமாரியின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

அந்தச் சாவிக்குத்தான் ஆபத்து வந்தது. இரண்டு வருடமாகச் சரியான விருந்தினர் அமையவில்லை. முதல் வருடம் ஒப்புக்கொண்டவருக்கு அன்றைக்கென்று பேரன் பிறந்தான். அடுத்த வருடம் வந்தவர் ஆடியது ரக்பி அல்ல, கேரம். மேடையில் நின்று ஆட்காட்டி விரலைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

செயற்குழுவில் துணைத் தலைவர் பாலகிருஷ்ணன் எழுந்தார். சொந்தமாக லோரி வைத்திருப்பவர்.

"அண்ணே, இந்த வருசமும் ஆள் வரலன்னா சாவியக் கொடுத்துடுங்க. வந்தா மட்டும் பத்தாது, பேசவும் பேசணும். செகரட்ரி வேலைய நான் பார்த்துக்கிறேன்."

"ஒன் லோரிக்கு ரோட் டேக்ஸ் முடிஞ்சு ஒரு மாசமாச்சு. அத மொதல்ல பாருடா."

"அது வேற, இது வேற லா."

பொருளாளர் மோகனா பேனாவை எடுத்தார். ரவாங்கில் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் தோட்டத்துக்கு வருவார். வந்த நேரத்தில் எதையும் முடித்துவிட்டுப் போக வேண்டும் அவருக்கு. "ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. மினிட்ஸ்ல எழுதிடவா? கெஸ்ட் வந்து பேசலன்னா செகரட்ரி மாத்தம். ஓகேவா அங்கிள்?"

"எழுதிக்கம்மா" என்றார் முருகையா. சொல்லும்போது கை தானாகவே இடுப்புச் சாவியைத் தடவியது.

தேடியதில் கோலா குபு பாருவில் ஒருவர் அகப்பட்டார். பெயர் நடராஜா. மலேசியாவுக்குப் பதினேழு ஆட்டம், எல்லாம் முன்வரிசையில். முருகையா போனில் கூப்பிட்டார்.

"வர்றேன் ஐயா" என்றது ஒரு கனத்த குரல். "ஆனா பேச மாட்டேன். நாப்பது கிளப்ல பேசியாச்சு. அந்தக் காறை எலும்புக் கதையச் சொல்லிச் சொல்லி, ஒடையாத எலும்பு இப்ப நெசமாவே வலிக்குது."

"நீங்க வாங்க. பேச்ச அப்புறம் பார்த்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் திடலோரம் கூடாரம் போட்டு, மேடை கட்டி, நூற்றிருபது நாற்காலி வரிசையாக வைத்தாயிற்று. விருந்தினர் மேடைக்கு முன்னால் உள்ள கல்லில் தேங்காய் உடைத்துத்தான் நிகழ்ச்சியைத் தொடங்குவார். அது மன்றத்தின் வழக்கம். முருகையா சமையல் பந்தலுக்குப் போனார். அவர் மனைவி இராஜம்மா அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"தேங்கா எங்க?"

"ஆறும் துருவியாச்சு. குருமாவுல கெடக்கு."

"சாமிக்கு வெச்சதுமா?"

"சாமித் தேங்கான்னு அது நெத்தியில எழுதி ஒட்டியிருந்துச்சா? நூத்திருபது பேருக்குக் குருமா வேணாமாங்க?"

மூலையில் ஒன்றே ஒன்று மிச்சம் கிடந்தது. ஜெராம் கடற்கரைத் தேங்காய். நீளவாட்டமாக, இரண்டு முனையும் கூர்த்து, மட்டையோடு இருந்தது. உரிக்க நேரமில்லை, வெளியே கார் வந்துவிட்டது. முன்வரிசை ஆள்தானே, மட்டையோடு உடைத்துக்கொள்ளட்டும் என்று முருகையா அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தத் தேங்காயின் வடிவத்தை அவர் ஒரு நொடி நின்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நடராஜா இறங்கியதும் கார் ஐந்து அங்குலம் உயர்ந்தது. கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்கு இல்லாததால் மாலை காதுகளில் தங்கியது. மேடையேறி, முருகையாவுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முருகையா கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். "இப்போது நம் சிறப்பு விருந்தினர்..." அந்த நேரத்தில் மைக் வயர் காலில் மாட்டியது. தேங்காய் கையிலிருந்து எகிறிப் பின்பக்கமாகப் பறந்தது. ரக்பியில் பந்தைப் பின்பக்கம்தான் கொடுக்கலாம். ஆக, அதுவரை எல்லாம் விதிப்படியே நடந்தது.

நடராஜா பிடித்தார். அறுபது வயது, ஆட்டத்தை விட்டு முப்பது வருடம். அவர் யோசித்திருந்தால் நின்றிருப்பார். கைகள் யோசிக்கவில்லை. தேங்காயை விலாவில் சொருகிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்.

"மங்களத் தேங்கா போவுது! புடிங்கடா!" என்று கத்தினார் பாலகிருஷ்ணன்.

குலை வெட்டும் ஆட்கள் ஆறு பேர் பாய்ந்தார்கள். இருவர் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். ஒருவர் மாலையைப் பிடித்தார். மற்றவர்கள் கிடைத்த இடத்தைப் பிடித்தார்கள். இடுப்பைக் கட்டிக்கொண்டவர் பாலகிருஷ்ணன். ஏழு பேரும் தொங்கத் தொங்க நடராஜா ஓடினார். திடலில் கோடு அழிந்து பல காலமாகிவிட்டதால், எங்கே திரும்புவது என்று தெரியாமல் நேராகச் செம்பனைக்குள் நுழைந்தார். ஆறடி வடிகாலை ஒரே தாவில் தாண்டினார். வடிகாலில் படுத்திருந்த உடும்பு எழுந்து ஒதுங்கி வழிவிட்டது. மட்டைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் கைதட்டியதாகச் சிலர் சொல்கிறார்கள். அது மிகை. தலையை மட்டும்தான் ஆட்டின.

முருகையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். வேறு என்ன செய்வது? விருந்தினர் போகிறார், கூடவே சாவியும் போகிறது. காடு சுற்றி ஆலை வாசலில் நடராஜா லோரி நிறுக்கும் மேடைமேல் ஏறி ஓடியபோது, பழைய பழக்கத்தில் முருகையாவின் கண் எண் பலகைக்குப் போனது. விருந்தினர், ஏழு பேர், ஒரு மாலை, ஒரு தேங்காய்: அறுநூற்றுப் பதினான்கு கிலோ. மனத்தில் குறித்துக்கொண்டு மறுபடி ஓடினார்.

"அண்ணே! விடவா, வேணாமா?" என்று நடராஜாவின் இடுப்பிலிருந்து பாலகிருஷ்ணன் கேட்டார்.

"விடாதடா! அவர் இன்னும் பேசல!"

ஆலையைச் சுற்றிக்கொண்டு நடராஜா மறுபடி திடலுக்கு வந்தார். தூரத்தில் கோல் கம்பம் தெரிந்தது. இரண்டு கம்பம், நடுவில் குறுக்குக் கட்டை. அதைக் கண்டதும் அவர் வேகம் இரண்டு மடங்காயிற்று. நூற்றிருபது பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்க, கம்பத்தடியில் பாய்ந்து விழுந்து, ரக்பியில் புள்ளி எடுக்கிறபடியே தேங்காயைத் தரையில் வைத்து அழுத்தினார். மட்டையோடு சேர்ந்து அது சரிபாதியாகப் பிளந்தது. சில்லுகூடத் தெறிக்கவில்லை. அப்படி உடைந்தால் அந்த வருடம் குறையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நடராஜா புல்லில் முகம் புதைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தார். முருகையா மூச்சிரைக்க வந்து பக்கத்தில் குந்தினார்.

"அடி பட்டிருச்சா ஐயா?"

"இல்ல." தலையைத் தூக்கினார். கண் சிவந்திருந்தது. "மைக் இருக்கா?"

வயரை இழுத்துக் கம்பத்தடிக்கே மைக்கைக் கொண்டுவந்தார்கள். நடராஜா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

"காறை எலும்பு ஒடஞ்சது எனக்கில்ல. பக்கத்துல நின்னவருக்கு. நாட்டுக்குப் பதினேழு ஆட்டம் ஆடினேன், நெசந்தான். முன்வரிசையில தலைய உள்ள விட்டுத் தள்ளுறதுதான் என் வேல. தரையும் எதிராளி காதும்தான் தெரியும். பந்து பின்னால போயிரும். நான் எந்திரிச்சுப் பார்க்கறதுக்குள்ள வேற எவனாச்சும் ஓடிருப்பான். பதினேழு ஆட்டத்துல ஒரு தடவகூட என் கைக்குப் பந்து வரல. நாப்பது கிளப்புல பொய் சொன்னேன். இன்னிக்குத்தான்யா வந்துச்சு."

பந்தலில் குருமா அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இராஜம்மா கரண்டியோடு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், திரும்பிப் போகவில்லை. நடராஜா தான் பார்த்த காதுகளைப் பற்றிச் சொன்னார். எந்த நாட்டான் காது எப்படி இருக்கும், எது எப்படி மடங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், மறுபடி சிரித்தார்கள். நாற்பது நிமிடம் போனது யாருக்கும் தெரியவில்லை.

முதலில் கைதட்டியது பாலகிருஷ்ணன். வாயில் இன்னும் புல் இருந்தது. துப்பிவிட்டு முருகையாவிடம் வந்தார்.

"சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. இந்த மாதிரி எனக்குச் செய்ய வராது."

"ரோட் டேக்ஸ் கட்டுனியாடா?"

"நாளைக்கு லா."

அன்றைக்குச் செயலாளர் மும்முரமாக இருந்ததால், மன்றத்தின் மினிட்ஸை மோகனாதான் கைப்பட எழுதினார். அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'சிறப்பு விருந்தினர் திரு. நடராஜா வரவில்லை, அவருக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடமும் செயலாளர் திரு. முருகையா பேசினார்.'