சின்னப்பராஜ் காரின் மழை

திண்டிவனத்தில் சின்னப்பராஜை அடக்கம் செய்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, வாசலில் நின்றிருந்த அவருடைய வெள்ளை மாருதி கார்மீது மட்டும் மழை பெய்தது. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி நனையவில்லை. உயிரோடு இருந்தவரை ஒருநாள் தவறாமல் அதே நேரத்தில் அவர் காரைக் கழுவியவர் என்பதால் தெருவில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மழை அரை மணி நேரம் பெய்யும். கண்ணாடிகளில் கறை இல்லாமல் கழுவிவிட்டு நின்றுவிடும். அவர் மனைவி சகாயசெல்வி காபித் தம்ளரோடு படியில் உட்கார்ந்து அது முடியும்வரை பார்த்திருப்பார்.

மகள் டயானாவுக்கு அந்த மாதம்தான் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்தது. காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பிப் போய் முதல் வாரத்திலேயே மூன்று நாள் தாமதமானது. இனி ஒருநாள் தாமதமானாலும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரை எடுக்கலாமென்றால் ஆர்சி புத்தகமும் இன்சூரன்ஸும் இறந்தவர் பெயரில் இருந்தன. அவள் லீவு போட்டு இறப்புச் சான்றிதழும், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழும் வாங்கினாள். காரை விற்றுவிடச் சொன்ன அண்ணன் ஆன்டனி வளவனூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தான். அந்த ஆள் ஆறு மணி மழையைப் பார்த்துவிட்டு, தினமும் நனைகிற காரைத் தன்னால் வைத்துச் சமாளிக்க முடியாது என்று கிளம்பிவிட்டார். காரைத் தங்கை பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லையென்று ஆன்டனி கையெழுத்துப் போட்டான்.

சகாயசெல்விதான் போடவில்லை.

"பேர மாத்திட்டா அவரு வர்றத நிறுத்திடுவாரு."

டயானா பேனாவை மூடினாள். "வண்டி இப்படியே நின்னுக்கினு துருப்புடிச்சா அப்பாவுக்குத்தாம்மா பேஜாரு."

சகாயசெல்வி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மழை நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக்கொடுத்தார். விழுப்புரத்து இன்சூரன்ஸ் ஆபீஸில் கவிதா என்ற பெண், வெள்ளத்தில் சிக்கிய வண்டியா என்று கேட்டாள். வெள்ளமில்லை, மழை, அதுவும் அரை மணிதான் என்றாள் டயானா. கவிதா "கழுவிய நிலையில், நன்றாக உள்ளது" என்று எழுதி இன்சூரன்ஸில் பெயரை மாற்றிக்கொடுத்தாள்.

ஆர்டிஓ ஆபீஸிலிருந்து டயானா பெயரில் புதிய ஆர்சி தபாலில் வந்த மறுநாள் ஆறு மணிக்கு மழை வரவில்லை. ஆறேகாலுக்கும் வரவில்லை. சகாயசெல்வியின் காபி ஆறிப்போயிற்று. டயானாவுக்கு அவரைத் தனியாக விட்டுப்போக மனமில்லை. முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினாள். கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு இரைச்சல் துரத்திவந்து கூரைமேல் ஏறியது. முன்னே போன லாரி நனையாமலே போனது. டயானா வைப்பரைப் போட்டாள்.

சகாயசெல்வி கண்ணாடியை இறக்கி வெளியே கைநீட்டினார். "வூட்ல போய்த் தேடியிருப்பாரு," என்றார். "கொஞ்சம் மெதுவா ஓட்டுடி, மூச்சு வாங்கும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மழை இப்போதும் வாசலுக்கே வருகிறது. மற்ற நாட்களில் கூட்டேரிப்பட்டில் சேர்ந்துகொண்டு விக்கிரவாண்டிவரை போகிறது. அந்த வழியில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போடுகிறவர்கள் சாலையோரத்திலிருந்து நாலடி தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.