ஏழாம் பாடத்துப் படம்

சம்பூர்ணத்துக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது சாமை விற்பதற்காக. மகளிர் குழு நடத்தும் சாமை மில்லுக்கு பெங்களூரிலிருந்து போன் வரும்போதெல்லாம் 'ஹலோ' என்பதற்கு மேல் அவளால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. குழுக் கட்டடத்தில் ஆங்கிலம் படிக்க நாலு கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். வயது நாற்பத்தொன்று. படித்தது ஐந்தாவது.

பாடம் நடத்துவது கம்ப்யூட்டர்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஒரு பெண்குரல் பேசும். திரையில் படமும், அடியில் தமிழில் அர்த்தமும் வரும். குரல் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் பச்சைப் புள்ளி விழுந்து அடுத்த படம். இல்லாவிட்டால் 'ட்ரை அகெய்ன்'. அடிவாரத்துப் படவேட்டிலிருந்து வண்டியில் மலையேறி வரும் சிவசங்கரி டீச்சர், யாராவது திணறினால் பக்கத்தில் வந்து நிற்பாள்.

ஆறு பாடம் மளமளவென்று முடிந்தது. ஏழாவது, மனிதர்களைப் பற்றியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் வந்தார். பச்சை. போலீஸ்காரர் வந்தார். பச்சை. மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள்.

புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, காலில் செருப்பில்லை, கன்னத்தில் கை. நம்ம பக்கத்துப் பொம்பளை மாதிரி இருக்கிறாளே என்றுதான் சம்பூர்ணம் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் சட்டையைக் கவனித்தாள். நீலச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் சிவப்பு. அதைத் தைத்தது சம்பூர்ணம்தான். அது அவள் வீட்டுக்காரர் ரங்கசாமியின் சட்டை.

"ஷீ இஸ் புவர்," என்றது குரல். அடியில் எழுத்து வந்தது: அவள் ஏழை.

சம்பூர்ணத்துக்கு வாய் திறக்கவில்லை. கை தானாகப் போய்க் கன்னத்தைத் தொட்டது.

"ட்ரை அகெய்ன்."

மறுபடியும் அதே முகம், அதே சொல். அவள் பேசாமலே இருந்ததால் இயந்திரம் பச்சை போடாமல் அதே படத்துக்கு அடுத்த வரிகளைச் சொல்லிக் காட்டியது. ஷீ இஸ் சேட். அவள் சோகமாக இருக்கிறாள். ஷீ ஹேஸ் நோ ஃபுட். அவளிடம் உணவு இல்லை.

அதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்லியம்மாளும் அந்தப் படத்துக்கு வந்துவிட்டாள். படத்தைப் பார்க்காமல் எழுத்தையே பார்த்துக்கொண்டு, "ஷீ இஸ் புவர்," என்று உரக்கச் சொன்னாள். பச்சை விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தியும் சொன்னாள். சம்பூர்ணம் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கழற்றியும் கேட்டது.

"இன்னாக்கா, சிக்கிக்கிச்சா?" என்று சிவசங்கரி வந்தாள்.

"டீச்சர், இது நானு."

சிவசங்கரி திரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. இந்தப் பாடத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள்.

சம்பூர்ணத்துக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. நாலு வருஷம் முன்னால், காவலூர் பஸ் நிறுத்தம். புளி உலுக்கிவிட்டு வந்த களைப்பு, வராத பஸ், அதோடு கடைவாய்ப் பல்லில் உயிர்போகிற வலி. அங்கே வானத்தைப் பார்க்க வைத்திருக்கும் பெரிய தொலைநோக்கியைக் காண வந்த வெளியூர்க்காரன் ஒருவன் கேமராவைக் காட்டிச் சிரித்தான். அவள் தலையாட்டினாள்.

"போட்டோ எடுக்கறப்போ கேக்கவே இல்லையாக்கா?" என்றாள் சிவசங்கரி.

"கேட்டான். சரின்னுதான் சொன்னேன். இதுக்குன்னு சொல்லலியே." அவள் குரல் அடங்கிப் போயிருந்தது. "எத்தினி ஊர்ல ஓடுது டீச்சர் இது?"

"எல்லா மாவட்டத்துலயும்க்கா. வேற மாநிலத்துலயும்."

வீட்டுக்கு வந்தும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மூட்டை சாமை அடுக்கியிருந்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்ட ரங்கசாமி சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "வுடு. எவனுக்குத் தெரியும் அது நீதான்னு," என்றார்.

"எனுக்குத் தெரியுமே. நான் ஏழைன்னு என்னையே சொல்லச் சொல்லுதுய்யா. சொன்னாத்தான் அடுத்த பாடமாம்."

மறுநாள் சிவசங்கரி, பாடம் தயாரித்த கம்பெனிக்குத் தானே புகார் எழுதுவதாகச் சொன்னாள். சம்பூர்ணம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி ஆங்கிலத்தில் அவளே அடித்தாள். ஒன்பது நாள் ஆனது. பல்வலி என்ற வார்த்தையை மட்டும் டீச்சரிடம் கேட்டுக்கொண்டாள். 'என் பேர் சம்பூர்ணம். படத்தில் இருப்பது நான். எனக்குச் சோகம் இல்லை. பல்வலி. எங்கள் வீட்டில் சாப்பாடு இருக்கிறது. நான் சாமை விற்கிறேன்.' அவ்வளவுதான் கடிதம். இன்னொரு தடவை படித்துவிட்டு அனுப்பினாள்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. சிவசங்கரி எல்லாரும் கேட்கப் படித்தாள். உங்கள் கருத்துக்கு நன்றி, படம் மாற்றப்பட்டுவிட்டது.

"சம்பூர்ணத்தோட இங்கிலீசு கம்பெனிக்கே புரிஞ்சிருக்குது பாரேன்," என்று செல்லியம்மாள் சிரித்தாள். நாலு பேரும் ஒரே கம்ப்யூட்டரைச் சூழ்ந்துகொண்டு ஏழாம் பாடத்தைத் திறந்தார்கள். டாக்டர் வந்தார். போலீஸ்காரர் வந்தார்.

மூன்றாவதாக வேறொரு பெண் வந்தாள். நரைத்த தலை, மண்சுவர், வெயிலுக்குச் சுருக்கிய கண்கள்.

"ஷீ இஸ் புவர்," என்றது குரல்.

ஒருத்தரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தன் முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவளை உட்கார வைத்ததே தன் கடிதம்தானோ என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது.

"யாரு டீச்சர் இவங்க? எந்த ஊரு?"

"தெரியலக்கா."

"ட்ரை அகெய்ன்," என்றது இயந்திரம்.

சிவசங்கரி தயங்கி, "வேணும்னா நானே சொல்லித் தாண்டி வுட்டுர்றேன்க்கா. எட்டாம் பாடம் போன்ல பேசுறது. உங்களுக்கு அதான வேணும்?" என்றாள்.

"நீங்களும் சொல்லாதீங்க டீச்சர்."

சம்பூர்ணம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை யாரிடமும் வார்த்தை கேட்கவில்லை. 'இவர் யார்? இவரைக் கேட்டீர்களா?' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினாள்.

அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டர் ஏழாம் பாடத்திலேயே நிற்க, எட்டாம் பாடத்தைச் சிவசங்கரி தன் வாயாலேயே நடத்திக்கொண்டிருக்கிறாள்.