நாலாவதாகப் போன நீலம்

மலை ஏறலாம் என்று முடிவு செய்தவர் எங்கள் டெப்போவின் டைம் கீப்பர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் பஸ்களுக்கு நேரம் குறிக்கிறவருக்குக் காலில் தெம்பு இருக்காதா என்ன? "கீழே கூட்டத்துல ஏன் நசுங்கணும்? மேல ஏறினா வாணவேடிக்கை மொத்தமும் கண்ணு முன்னாடி" என்று சொல்லியே பதினெட்டுப் பேரை டார்ச்சும் கையுமாகக் கிளப்பிவிட்டார்.

எனக்கு அன்றைக்கு இரட்டை டூட்டி. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தவன், சாயந்திரம் ஆறுக்குத்தான் ஸ்டியரிங்கை விட்டேன். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்தேன்.

என் மனைவி வாணவேடிக்கை கம்பெனியில் வேலை செய்கிறாள். "கொடுத்து வச்சவங்க, பக்கத்துல இருந்தே பார்ப்பாங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆற்றோர மைதானத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால், தலையில் ஹெல்மெட்டும் காதில் அடைப்பானுமாகக் குனிந்து உட்கார்ந்து, வரிசைப்படி சுவிட்சைத் தட்டுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் கரி பூசிய முகத்தோடு, "எப்படி இருந்துச்சு?" என்பாள். "பிரமாதம்" என்பேன், போர்வைக்குள்ளிருந்தே.

இந்த வருஷம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

"நாலாவதா மேல போறது என்னோடது. நானே கலந்த நீலம்" என்றாள் காலையில், நான் ஷூ மாட்டும்போது. "நீலம்தான் இருக்கறதுலயே கஷ்டம். கொஞ்சம் சூடு கூடினா வெளுத்துடும். போன்ல எடுத்தா சரியாத் தெரியாது, கண்ணால பார்க்கணும். இது சரியா வரலைன்னா, திரும்பப் பெட்டி ஒட்டப் போன்னு முதலாளி சொல்லிட்டார். அவர் எதையாவது சொல்லட்டும். எனக்கு நீங்க பார்த்துச் சொல்லணும்."

"பார்க்கறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பாதை முழுக்கக் கல். பாதி வழியில் டிக்கெட் செக்கர், "என்னை இங்கயே விட்டுட்டுப் போங்கப்பா" என்று உட்கார்ந்துவிட்டார். அவரை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் கண்டக்டரும் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். கண்டக்டரை டெப்போவில் எல்லோரும் சில்லறை என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல பையன், வாய்தான் ஓயாது. அன்றைக்கு அவனுக்கே மூச்சு வாங்கியது. உச்சிக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். ஒன்பதுக்குத்தான் ஆரம்பம். ஒரு பாறையில் முதுகைச் சாய்த்தேன்.

கடைசி ஸ்டாப்பில் பஸ் ஏழு நிமிஷம் நிற்கும். அந்த ஏழு நிமிஷமும் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவேன். இருபது வருஷப் பழக்கம். எவ்வளவு சத்தமும் என்னை எழுப்பாது. இன்ஜின் நின்றால்தான் விழிப்பு வரும். தூங்குகிற டிரைவரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் டெப்போவில் எழுதாத சட்டம்.

நான் கண் விழித்தபோது ஒரே அமைதி. கீழே ஆற்றின் மேல் புகை படர்ந்திருந்தது. ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என் மேல் சில்லறையின் சட்டை போர்த்தியிருந்தது.

"ஏண்டா எழுப்பல?"

"இரட்டை டூட்டி பார்த்துட்டு வந்திருக்கீங்க. பாவமா இருந்துச்சு அண்ணே" என்றான். பனியனோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவனைத் திட்ட வாய் வரவில்லை.

அப்போது போன் அடித்தது.

"பார்த்தீங்களா?" அவளுக்கு மூச்சிரைத்தது. மைதானத்திலிருந்து ஓடி வந்து பேசுகிறாள்.

பிரமாதம் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். என்னிடம் அதுகூட மிச்சமில்லை.

"இல்லம்மா. தூங்கிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"போன வருஷமும் நான் ஒரு நீலம் போட்டேன். உங்களுக்குச் சொல்லல" என்றாள். "அது வெடிக்கவே இல்ல. காலையில மைதானத்தைக் கூட்டறப்ப புல்லுல கிடந்துச்சு, நான்தான் பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து, நீலம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். 'பிரமாதம், அதுலயும் அந்த நீலம் இருக்கே'ன்னீங்க."

எனக்கு அப்படிச் சொன்னது நினைவில்கூட இல்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது. ஒரு வருஷம் முழுக்க இதை உள்ளே வைத்துக்கொண்டு எனக்கு டிபன் பாக்ஸ் கட்டியிருக்கிறாள்.

"கூட வந்தவங்க யாராவது பார்த்தாங்களா?" என்றாள்.

போனைச் சில்லறையிடம் நீட்டினேன். "உன் அண்ணிதான். நாலாவதைப் பத்திக் கேக்கறா. பார்த்ததை மட்டும் சொல்லு."

"நாலாவதா? அண்ணி, அது நீங்க பண்ணதா!" அவன் குரல் உயர்ந்தது. காற்றில் கையால் பெரிய வட்டம் போட்டான். "முழு ரவுண்டு அண்ணி. ஓரத்துல லேசா வெளுத்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நடுவுல நல்ல அடர் நீலம். செக்கர் அண்ணனே எந்திரிச்சு நின்னுட்டார்னா பார்த்துக்குங்க."

அவள் என்னென்னவோ கேட்டாள். எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பக்கம் முதலில் அணைந்தது. அவன் யோசித்து யோசித்துப் பதில் சொன்னான். நடுவில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் காதை ஒட்டியிருந்த போனிலிருந்து கசிந்து எனக்கும் கேட்டது. என் முறை வரும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணிக்கு ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

காதில் வைத்தேன். அவள் வைத்துவிட்டிருந்தாள்.