வண்டிக்குள் இருந்தவள்

ஓட்டுநருக்கு ஏழாவது இடம் கொடுத்திருந்த பட்டியலில் நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன். எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேனோ என்ற பயம் இருப்பதால் என் தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் மாலை வகுப்பில் நாங்கள் ஏழு பேர்: லிஃப்ட் பராமரிப்பில் வேலை செய்பவர், அச்சகத்திலிருந்து வரும் இரட்டைச் சகோதரர்கள், பேக்கரிக்காரர், மருந்துக்கடைப் பெண், என் அண்ணி, நான். எதையும் குறித்து வைப்பதால் வகுப்பில் எனக்கு ‘நோட்டு’ என்று பெயர்.

எங்களை ஒட்ட வைத்தது ஃப்ரிட்ஜ் அல்ல, படம். ஏழு பேர் கொண்ட ஒரு மீட்புக் குழுவின் கதை. ஐந்து பாகங்கள் வந்துவிட்டன, ஆறாவது இந்த வெள்ளிக்கிழமை. நாங்களும் ஏழு பேர் என்று யாரோ எண்ணிச் சொன்ன நாளிலிருந்து இடைவேளையில் வேறு பேச்சு கிடையாது. எந்தச் சண்டை சிறந்தது, எந்தப் பாகம் மட்டம் என்று பட்டியல் போடுவோம். ஏழு பேரும் கையெழுத்திட்டால்தான் அது பட்டியல் என்பது எங்கள் விதி. மட்டமான பாகம் நான்காவது என்று முடிவானபோது நானும் கையெழுத்திட்டேன். எனக்கு அதிகம் பிடித்ததே நான்காவதுதான். அன்று டைரியில் மூன்று பக்கம் என்னை நானே திட்டிக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

இந்த முறை ரசிகர் மன்றமே ஒரு போட்டி வைத்தது. குழுவில் யார் பிழைக்க வேண்டும், யார் போகலாம் என்று ஒன்று முதல் ஏழு வரை வரிசைப்படுத்தி, ஏழு பேர் ஒருமனதாகக் கையெழுத்திட்டு, வியாழன் எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். முதலில் வரும் ஐம்பது பட்டியல்களுக்கு முதல் காட்சியில் ஏழேழு இருக்கைகள். வியாழன் மதியம்வரை முப்பத்தொன்றுதான் வந்திருந்தன. அனுப்பினால் கிடைத்துவிடும். அண்ணி இதுவரை எந்தப் படத்துக்கும் முதல் காட்சி போனதில்லை. தையல் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் இரண்டு வாரம் கெஞ்சி வெள்ளிக்கிழமை காலைக்கு விடுப்பு வாங்கியிருந்தார்.

அன்று மாலை வகுப்பில் பட்டியலை எழுதியவர் லிஃப்ட்காரர். மீட்புக் குழுவின் டாக்டர் முதலிடம், வண்டி ஓட்டுநர் கடைசி. மற்ற ஆறு பேரும் எரிகிற கட்டடத்துக்குள் போகிறார்கள், இவள் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர் வாதம். அவளை எடுத்துவிட்டு சீட்டில் ஒரு கல்லை வைத்தாலும் படம் ஓடும் என்றார். இரட்டையர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். நான்காம் பாகத்தை ஸ்டாப்வாட்சுடன் இரண்டு முறை பார்த்து, யார் எவ்வளவு நேரம் திரையில் வருகிறார்கள் என்று குறித்திருந்தேன். ஓட்டுநருக்கு நாற்பத்தொரு நிமிடம். டாக்டருக்கே முப்பத்தெட்டுதான். பின்பக்கம் திறந்து கிடந்த பயிற்சி ஃப்ரிட்ஜின் மேல் நோட்டை விரித்து வைத்தேன். கசிவு பார்க்கக் குழாய் இணைப்பில் தடவிய சோப்பு நுரை அப்படியே இருக்க, ஆறு பேரும் வந்து குனிந்தார்கள்.

லிஃப்ட்காரரும் என்னைப் போலத்தான், எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டார். கைபேசியில் படத்தை ஓட்டி, நான் குறித்த ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“இங்க வண்டி மட்டும்தானே நிக்குது. அவ எங்க?”

“உள்ள இருக்கா.”

“தெரியலையே.”

“இருக்கா.”

அடுத்த இடத்திலும் வண்டிதான். அதற்கடுத்ததிலும். மருந்துக்கடைப் பெண் ஓட்டுநரின் முகமோ கையோ தெரிந்த இடங்களை மட்டும் கூட்டினாள். பதினொரு நிமிடம். எந்தக் கூட்டலையும் மூன்று முறை பார்ப்பவள் நான். ஆனால் இது கூட்டல் பிழை அல்ல. வண்டி தெரிந்தபோதெல்லாம் அவளைப் பார்ப்பதாகவே நினைத்து ஸ்டாப்வாட்சை அழுத்தியிருக்கிறேன்.

“பதினொன்னுன்னா பதினொன்னு. அதுக்கென்ன, போட்டுடும்மா,” என்று பேக்கரிக்காரர் பேனாவை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஏழே முக்கால். ஆறு பேர் கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தது. அளந்ததில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்வதுதான் முறை என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் படத்தில் மற்ற ஆறு பேரும் நெருப்புக்குள் திரும்பிப் பார்க்காமல் போவது, வெளியே இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே. கல்லை நம்பி யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

“என் கணக்கு தப்புதான். ஆனா கையெழுத்து போட மாட்டேன்,” என்றேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரட்டையரில் ஒருவர் என் கையெழுத்தைத் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். கள்ளக் கையெழுத்து போடுவதானால் தன் பெயரை எடுத்துவிடும்படி லிஃப்ட்காரர் அதட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, வெறும் படத்துக்கு இவ்வளவு வீம்பா என்று கேட்டார். வெறும் படமென்றால் அவளை ஏழாவதாகப் போட்டே ஆக வேண்டும் என்று உங்களுக்கு மட்டும் ஏன் வீம்பு என்று நானும் கேட்டேன். இந்த முறை முழுதாகக் கேட்டேன்.

அண்ணி கடைசியாகத்தான் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

“நீ தனியா போகப் பயந்தன்னுதான் நான் இந்த வகுப்புலயே சேர்ந்தேன். எனக்காக ஒரு கையெழுத்து போட மாட்டியா?”

அவர் விடுப்புக்காகக் கெஞ்சியது எனக்குத் தெரியும். பேனாவை மூடி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன்.

“மாட்டேன் அண்ணி.”

எட்டு மணியானது. லிஃப்ட்காரர் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் கருவிகளைத் துடைத்து வைப்பதற்குள் நான் என் பட்டியலை எழுதினேன். ஓட்டுநர் முதலிடம். கீழே ஒரே ஒரு கையெழுத்து. படமெடுத்து மன்றத்துக்கு அனுப்பினேன். நேரம் தாண்டிவிட்டது, ஏழு கையெழுத்தும் இல்லை, ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

வாசலில் அண்ணி எனக்கு முன்னால் நடந்தார். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். நாளை மாலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன்.

“அந்த வண்டிக்காரி செத்தா நான் கைதட்டுவேன். சொல்லிட்டேன்.”

“தட்டுங்க அண்ணி. நான் பக்கத்துலதான் இருப்பேன்.”

பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.