கடனில்லாதவரின் ஆறு தவணைகள்

கடன் என்ற சொல் தன் வாசற்படியை மிதித்ததே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய மனிதர்கள் இந்தப் பூமியில் மிகச் சிலர்தான். அவர்கள் தலைநிமிர்ந்து நடப்பதால்தான் ஊர் இன்னும் ஊராக இருக்கிறது. ஆரணிக்கு அடுத்த சேவூர் தென்னரசு அந்தச் சிலரில் ஒருவர். இந்தக் கதை தொடங்கும் ஜூன் மாதப் பகலில் அவர் ஆரணிப் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில், பதினெட்டாயிரம் ரூபாய் போனைத் தவணைக்குக் கேட்டு, ஆதார் அட்டையும் கையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

போன் வேண்டுமென்று நிற்கவில்லை. சட்டைப்பையில் ஏற்கெனவே இரண்டு போன் இருந்தது. அவருக்கு வேண்டியது கடன்.

இந்த நிலைக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மஸ்கட்டில் பதினேழு வருஷம் இருந்தார். கட்டடச் சாமான் விற்கும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சேவூர் வந்து சேர்வதற்குள் அந்த வேலை மேனேஜர் ஆகியிருந்தது. சித்திரையில் ஒரேயடியாக ஊர் திரும்பியவர், பட்டுப்புடவை ஷோரூம் வைப்பதாக அறிவித்தார். ‘தென்னரசு சில்க் பேலஸ்’. பேலஸ் பத்தடிக்குப் பதினெட்டடி. கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்ததில் மிஞ்சியிருந்த மூன்று லட்சத்தைக் கடைக்கு அட்வான்ஸாகக் கொடுத்தார். கைகூப்பி நிற்கும் தன் படத்தோடு இருபதடி ஃபிளெக்ஸும் அடித்து வைத்துவிட்டார்.

கடையின் சொந்தக்காரர் இராஜமாணிக்கம். ரைஸ் மில் வைத்திருப்பவர். பேச்சையும் அளந்துதான் போடுவார்.

“பொங்கலுக்குள்ள மீதிய குடுத்துட்டுக் கடையத் தொறந்துடு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன். குடுத்தது குடுத்ததுதான், திருப்பிக் கேக்கக் கூடாது. பேப்பர்ல எழுதியிருக்குது பாரு.”

தென்னரசு பாராமலே கையெழுத்துப் போட்டார். மேனேஜர்கள் சின்ன எழுத்தைப் படிப்பதில்லை.

மீதி அட்வான்ஸுக்கும் சரக்குக்குமாக எட்டு லட்சம் வேண்டும். வங்கியில் கடன் பிரிவு கிருபாகரன், கடன் கட்டும் ஒழுங்குக்கு மார்க் போடும் சிபில் கணக்கைப் பார்க்க, பெயரையும் பான் எண்ணையும் கம்ப்யூட்டரில் தட்டினார். தென்னரசு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கப்போகும் பையனின் தகப்பன் மாதிரி முகம்.

“சார், உங்க சிபில் ஸ்கோர் மைனஸ் ஒண்ணு.”

“எவ்ளோக்கு மைனஸ் ஒண்ணு?”

“எவ்ளோக்கும் இல்ல சார். மைனஸ் ஒண்ணு. அவ்ளோதான்.”

“பூஜ்யம்கூட இல்லையா?”

“கடன் வாங்கிக் கட்டாதவருக்கே முந்நூறுக்கு மேல வரும் சார். இது இன்னான்னா, நீங்க ஒருத்தர் இருக்கிறதே சிஸ்டத்துக்குத் தெரியல.”

தென்னரசு நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், நான் இந்த நாப்பத்தேழு வயசுக்கு யார்கிட்டயும் ஒரு பைசா கடன் வாங்கினதில்ல. ரெண்டு மாடி வீடு. கடனில்லாமக் கட்டின வீடு. சேவூர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“அதுதான் சார் பிரச்சினையே.”

தென்னரசு மடியிலிருந்த கோப்பைத் திறந்தார். எல்லாக் காகிதத்துக்கும் அடியில், யார் கண்ணிலும் படாமல் பத்து வருஷம் வைத்திருந்த ஒரு காகிதத்தை உருவினார். லேமினேஷன் போட்டிருந்தது. மஸ்கட் வங்கியில் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டி முடித்ததற்கு அவர்கள் கொடுத்த சான்றிதழ்.

கிருபாகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யார் வாங்கின கடன் சார்?”

“நான்தான்.”

“இப்பதானே ஒரு பைசா வாங்கலன்னீங்க.”

“அது வெளிநாடு.”

“சரிதான் சார். அந்த ஊர்க் கடன் அந்த ஊரோட போச்சு. இங்க செல்லாது.”

பதினேழு வருஷம் காத்த மானத்தைத் தானே எடுத்து மேஜைமேல் வைத்தும், அது செல்லாது என்று திரும்பி வந்தது. தென்னரசு அதை மறுபடி அடியில் செருகினார்.

கிருபாகரன் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். “சின்னதா ஏதாவது தவணைக்கு வாங்குங்க. மிக்சியோ போனோ. ஆறு மாசம் தேதி தவறாம கட்டுங்க. ஜனவரில வாங்க, பண்ணிக் குடுக்கிறேன். தேதி மட்டும் தவறக்கூடாது சார்.”

அப்படித்தான் செல்போன் கடை வரிசை. ஃபைனான்ஸ் கம்பெனிப் பெண் ஜாக்குலின் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “மாசா மாசம் அஞ்சாந்தேதி உங்க பேங்க் கணக்குலேருந்து அதுவே எடுத்துக்கும் சார். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்” என்றாள்.

வீட்டில் மனைவி பானுப்ரியா புதுப் பெட்டியைப் பார்த்தாள். “இருக்கிற ரெண்டு போன் போதலியா?”

“ரொக்கத்துக்கு வாங்கினேன். கேமரா நல்லா இருக்குதாம்.”

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு திரும்பினாள். சேவூர் நெசவாளர் வீடுகளில் நாலு புடவை எடுத்து, போனிலேயே பெங்களூர், ஓசூர் என்று விற்றுக்கொண்டிருந்தாள். தென்னரசு அதைப் பற்றிப் பேச நேர்ந்தால், “அவளுக்கும் பொழுது போவணுமே” என்பார்.

ஜூலை ஐந்து சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கே குளித்துவிட்டுப் போன் முன்னால் உட்கார்ந்தார். பணம் போய்விட்டதென்று ஒன்பதே காலுக்குக் குறுஞ்செய்தி வந்தது. தன் பணம் போனதற்காக ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஆகஸ்ட் ஐந்து செவ்வாய்க்கிழமை. அதுவும் ஆடிச் செவ்வாய்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் தென்னரசு வீட்டில் பணம் வெளியே போகாது. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஆரணியில் பெரிய பட்டுக் கடைக்காரர்களிலேயே எத்தனையோ பேர் வெள்ளிக்கிழமை கூலி கேட்டு வரும் நெசவாளரிடம், “நாளைக்கு வாப்பா, இன்னிக்கு லட்சுமிய வெளிய அனுப்பக் கூடாது” என்பார்கள். ஆரணியை விட்டுப் போனாலும் தென்னரசு இந்த வழக்கத்தை விடவில்லை. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை டீக்கடையில் கடன் சொல்லிவிட்டு வந்தவர். அதை அவர் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போதோ கடை திறக்க வேண்டிய நேரம். மூன்று லட்சம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து ஆடிச் செவ்வாயில் லட்சுமியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதா? ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. கிருபாகரன் ‘தேதி’ என்று சொன்ன குரல் ஒரு காதில். அப்பாவின் குரல் மறு காதில். திங்கட்கிழமை மத்தியானம் ஏ.டி.எம்.முக்குப் போய் மொத்தத்தையும் எடுத்துவிட்டார். கணக்கில் இருநூற்றுச் சொச்சம் விட்டுவைத்தார். ஒரு நாள்தானே. புதன்கிழமை காலையில் நேராகப் போய் மரியாதையாகக் கையில் கொடுத்தால் போயிற்று. எந்திரத்தை விட மனிதன் கொடுப்பதில் மதிப்பு அதிகம் அல்லவா?

செவ்வாய் பதினோரு மணிக்கு ஜாக்குலின் கூப்பிட்டாள்.

“சார், உங்க தவணை பவுன்ஸ் ஆயிருக்குது. கணக்குல பணமில்ல.”

“தெரியும்மா. நான்தான் எடுத்து வெச்சேன்.”

“எதுக்கு சார்?”

“இன்னிக்குச் செவ்வாக்கெழமை ஆச்சே. நாளைக்குக் காலைல மொத ஆளா வந்து கட்டுறேன்.”

“சார், எங்களுக்கு ஞாயித்துக்கெழமதான் விசேஷம். சிஸ்டம் ஞாயித்துக்கெழமையும் எடுத்துகினுதான் இருக்குது. நானே ஒண்ணும் சொல்ல முடியல.”

“அது உங்க சிஸ்டம். எங்க வீட்ல வேற.”

புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தவணையோடு ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் அபராதம். முணுமுணுக்காமல் கட்டி, ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாங்கியதற்கு மேலேயே கொடுப்பவன் என்ற பெயர் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

செப்டம்பர் ஐந்து வெள்ளி. வியாழனன்று எடுத்தார், சனியன்று கட்டினார். அக்டோபர் ஞாயிறும் நவம்பர் புதனும் சிக்கலில்லாமல் போயின. டிசம்பர் ஐந்து மறுபடி வெள்ளி. கார்த்திகை வெள்ளி வேறு. ஜாக்குலின் இந்த முறை வியாழக்கிழமையே கூப்பிட்டாள்.

“சார், நாளைக்கு வெள்ளிக்கெழம. தயவுசெஞ்சு கணக்குல கை வெக்காதீங்க.”

“கவலப்படாதம்மா. சனிக்கெழம காலைல மொத ஆளா இருப்பேன்.”

“அதுக்குத்தான் சார் கவலப்படுறேன்.”

ஸ்கோர் என்ன ஆயிற்று என்று இடையில் ஒரு தடவையும் பார்க்கவில்லை. பார்க்கப் பார்க்கக் குறையும் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மூத்த மகள் நிலா, “போன்லயே பாக்கலாம்பா, ஒரு நிமிஷம்” என்று வந்தபோது போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ராத்திரி சாப்பாடு பாதியில் நின்றது. மார்கழியில் வேர்த்தது. இராஜமாணிக்கம் புல்லட்டில் போகும்போது வேகத்தைக் குறைத்து, “இன்னா தென்னரசு, பொங்கல் வந்துகினே இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்த புல்லட் சத்தம் கேட்டாலே தென்னரசு வாசலை விட்டு உள்ளே போய்விடுவார்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது வங்கிக்குப் போனார். இந்தத் தடவை நாற்காலியில் சாயவில்லை, நுனியில் உட்கார்ந்தார். கிருபாகரன் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

“ஐந்நூத்து எம்பத்தேழு.”

“நல்லதா சார்?”

“எழுநூத்தம்பது வேணும் சார். ஆறு தவணைல மூணு பவுன்ஸ்.”

“மறுநாளே கட்டிட்டேன் சார். அபராதத்தோட. ரசீது இருக்குது.”

“கட்டினது தெரியுது. தவறினதும் தெரியுது. ஆகஸ்ட்ல இன்னா சார் ஆச்சு? உடம்பு சரியில்லையா?”

“ஆடிச் செவ்வா.”

“மத்த ரெண்டு?”

“வெள்ளி.”

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “சார், மைனஸ் ஒண்ணோடயே வந்திருந்தாக்கூட மேல பேசி ஏதாவது பண்ணியிருப்பேன். முன்ன உங்கள சிஸ்டத்துக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

மூன்று லட்சம். பதினேழு வருஷத்தில் மிஞ்சிய மூன்று லட்சம், ஆறு நாளில் ரைஸ் மில்லுக்குள் போய்விடும்.

“வீட்ல வேற யார் பேர்லயாவது எடுக்கலாமா சார்? மேடம்?” என்றார் கிருபாகரன்.

“அவளுக்கு பேங்க்குன்னா இன்னான்னே தெரியாது சார்.”

“ஒரு தடவ பாத்துடலாமே.”

வெளியே வந்து போன் செய்தார். “ஜல்தியா வா. ஆதார், பான் எடுத்துக்கினு வா. இன்னா ஏதுன்னு கேக்காத.”

பானுப்ரியா ஸ்கூட்டியில் பத்து நிமிஷத்தில் வந்தாள். கிருபாகரன் அவளைக் கண்டதும் எழுந்தார்.

“அட, நீங்களா மேடம்? வாங்க வாங்க. குழுவுல எல்லாரும் சௌக்கியமா?”

வாடிக்கையாளருக்கென்று இருந்த ஒற்றை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். தென்னரசு எழுந்து பக்கத்தில் நின்றார். அவள் பான் எண் கிருபாகரனுக்கு ஏறக்குறைய மனப்பாடம். அட்டையைக் கேட்டு வாங்காமலே தட்டினார்.

“எழுநூத்துத் தொண்ணூத்தொண்ணு.”

திரையில் பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. மகளிர் குழுக் கடன், ஐந்து தடவை. நகைக் கடன், ஒன்பது. புடவை வியாபாரத்துக்கு இரண்டு. நடுவே, மாடி கட்ட நாலு லட்சம். எல்லாம் தேதி தவறாமல் கட்டி முடித்தது.

தென்னரசு அந்த நாலு லட்சத்தின் எதிரே இருந்த வருஷத்தைப் பார்த்தார். அந்த வருஷம் மஸ்கட்டில் கூட இருந்தவர்களுக்கு வீட்டுப் படத்தைக் காட்டி பிரியாணி போட்டது நினைவிருந்தது.

“இது இன்னாது?” குரல் அடங்கியிருந்தது.

“நீங்க அனுப்புற பணம் பத்தாந்தேதிக்கு மேலதான் வரும். சிமெண்ட் கடைக்காரன் அஞ்சாந்தேதியே வந்து வாசல்ல நிப்பான்.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க போன்ல ஊர்க்காரங்க எல்லார்கிட்டயும் கடனில்லாத வீடு, கடனில்லாத வீடுன்னு சொல்லிகினே இருந்தீங்க. அதுக்கு நடுவுல நான் பூந்து இன்னான்னு சொல்றது?”

அவருக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. “வெள்ளிக்கெழமையும் கட்டினியா?”

“குழு கூடுறதே வெள்ளிக்கெழமதான்.”

கிருபாகரன் இதையெல்லாம் கேட்காதவர் போல விண்ணப்பத்தை எடுத்தார். “மேடம் பேர்லன்னா நாலு நாள்ல முடிச்சுடலாம் சார். கடையும் மேடம் பேர்லதான் இருக்கணும்.”

தென்னரசு தலையை ஆட்டினார். மூன்று லட்சம் பிழைத்துவிட்டது. மூச்சு ஒழுங்காக வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

பெயர், வயது, தொழில் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல கிருபாகரன் நிரப்பினார்.

“உங்க வருமானத்துல இருக்கிறவங்க எத்தினி பேர் மேடம்?”

“பொண்ணுங்க ரெண்டு பேரு. நிலா, இளமதி.” பானுப்ரியா கணவரைப் பார்த்தாள். “இவரு...”

“சாருக்கு இப்ப வருமானம் ஏதாவது வருதா?”

தென்னரசு சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

கிருபாகரன் கட்டத்தில் மூன்று என்று எழுதினார்.