நூற்றுப் பதினாலாம் நம்பர்

...முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று நர்ஸ் சிங்களத்தில் இரண்டு தரம், தமிழில் ஒரு தரம் கூப்பிட்டாயிற்று, ஒருத்தியும் எழும்பவில்லை, பாவம், எவளோ பயந்து பஸ் ஏறியிருப்பாள் என்று தெரேசா நினைத்தாள், பயம் இருக்காதா பின்னே, தனக்கும் மார்பில் கட்டி என்று சதையைக் கிள்ளி எடுத்து மூன்று கிழமை, இன்றைக்குத்தான் ரிப்போர்ட், கேன்சரா இல்லையா என்று அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதியிருக்கிறது... எல்லாவற்றுக்கும் நம்பர்தான், கிளினிக் கொப்பிக்கு ஒரு நம்பர், வந்த பஸ்ஸுக்கு ஒரு நம்பர், லயத்தில் குடியிருக்கும் காம்பராவுக்கு ஏழாம் நம்பர், மகள் பிரின்ஸி கொப்பி அட்டையில் எழுதித் தந்த போன் நம்பர், முடிஞ்சதும் கோல் எடுங்கம்மா என்றாள், என்னத்தைச் சொல்வது அவளிடம்? கல்யாணமான புதிதில் புருஷன் செபஸ்தியன் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தான், எம் பொஞ்சாதி ரசம் வச்சா நம்பர் வன் என்று, அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று... இருபத்தாறு வருஷம் மலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யார், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சம்பளப் பதிவேட்டில் இருக்கும் செக்ரோல் நம்பரைத்தான் கூவுவார், நூத்திப்பதினாலு என்றால் தூக்கத்திலும் கால் எழும்பிவிடும், அதைத்தான் இவர்கள் கூப்பிடவே காணோம், நாற்பத்துமூன்றும் உள்ளே போயிற்று, டொக்டர் பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவார், விட்டால் இன்னும் ஒரு மாதம்.

பக்கத்தில் இருந்த தம்புள்ளைப் பெண் ஜெஸ்லா, "ஒங்க நம்பர் என்ன அக்கா?" என்றாள். நூத்திப்பதினாலு என்று சட்டென்று வந்தது வாயில். "அம்பது பேருக்குத்தானே நம்பர் துண்டு குடுத்தாங்க?" ஜெஸ்லா தெரேசாவின் கையில் கசங்கிக் கிடந்த துண்டை விரித்துப் பார்த்தாள். "முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே அக்கா, அது போயிட்டுதே."

அட மாதாவே, செக்ரோல் நம்பரையா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்... கதவடிக்கு ஓடினாள். மூணு தரம் கூப்பிட்டேனே, எங்க போனீங்க, இருங்க, கடைசியா பாப்போம் என்றாள் நர்ஸ். திரும்பி வந்து உட்கார்ந்தாள், கோபம் வரவேண்டும், அழுகை வரவேண்டும், வந்தது என்னவோ அப்பாடா என்று ஒரு மூச்சு, இன்னும் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் துண்டு வாங்கியதும் முப்பத்தெட்டு என்று பிரின்ஸிக்கு போனில் சொன்னவள் அவள்தானே? அப்படியென்றால் பயந்து ஓடிப்போனாளே என்று பாவப்பட்டது யாருக்கு? காது மறந்ததா, அவளே மறக்கவிட்டாளா...

கதவு திறந்தது. முப்பத்தெட்டு என்றாள் நர்ஸ். யார் எழும்புகிறார்கள் என்று தெரேசா சுற்றிலும் பார்த்தாள்.